‘லைஃப் இன்ட்ரஸ்ட்’ என்றால் அம்மாவுக்கு வட்டி கட்ட வேண்டுமா?

வாசகர் கேள்விக்குச் சட்டத்தரணியின் பதில்

திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

தகப்பனார் காலமாகிச் சில வருடங்களுக்குப் பிறகு, 2013இல், தாயார் தாங்கள் குடியிருந்த வீட்டையும் 22 பேர்ச் வளவையும் மகளுக்கு நன்கொடை உறுதியாக (கொடைப் பத்திரமாக) எழுதிக் கொடுத்தார். உறுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. தாயாருக்கு இப்போது 71 வயது. மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகளோடு அதே வீட்டில்தான் இருக்கிறார். வீதிப் பக்கம் உள்ள இரண்டு அறைகளைக் கடைக்கு விட்டு, மாத வாடகை 30,000 ரூபாயைத் தாயாரே வாங்கிச் செலவு செய்கிறார். மருமகன் யாழ்ப்பாணத்துக்காரர். நிலாவெளிப் பக்கம் வான் ஓடி உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்குகிறார். உப்புவெளியில் குத்தகைக்கு எடுத்த காணியில் நான்கு அறை விடுதி கட்ட வங்கியில் 40 இலட்சம் ரூபாய் கடன் கேட்டிருக்கிறார்கள். வங்கி உவர்மலை வீட்டை ஈடாகக் கேட்கிறது. உறுதியைப் பார்த்த வங்கி உத்தியோகத்தர், “அம்மாவுக்கு லைஃப் இன்ட்ரஸ்ட் இருக்கு, அவ அதை விட்டுத் தந்தால்தான் கடன்” என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் குழப்பம். அகராதியைப் பார்த்தால் இன்ட்ரஸ்ட் என்பதற்கு ‘ஆர்வம், வட்டி’ என்று இருக்கிறது. கனடாவில் உள்ள அண்ணன், “சீவிய காலம் முழுக்க அம்மாவுக்கு நீ வட்டி குடுக்கோணும் எண்டு எழுதியிருக்கு. 2013இல இருந்து குடுக்கேல்ல. உறுதி செல்லாது, எனக்கும் பங்கு இருக்கு” என்கிறார். கணவரோ, “அம்மாவில அக்கறையா இருக்கோணும் எண்டதுக்குப் போட்ட சொல் அது, சட்டத்தில ஒண்டுமில்லை” என்கிறார். தாயார், “எங்க கையெழுத்துப் போடோணும் எண்டு காட்டு, போட்டுத் தாறன்” என்கிறார். வாசகி கேட்பது நான்கு விஷயங்கள். வட்டி கட்ட வேண்டுமா? வீடு தன் பெயரில் இருக்கும்போது வாடகையைத் தாயார் வாங்குவது சரியா? தாயார் இல்லாமல் வீட்டை ஈடு வைக்க முடியுமா? அண்ணனுக்குப் பங்கு இருக்கிறதா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு நீங்கள் ஒரு சதமும் வட்டி கட்ட வேண்டியதில்லை. கட்டவில்லை என்பதற்காக உறுதி செல்லாமல் போகவும் மாட்டாது. அதே நேரம் உங்கள் கணவர் சொல்வதும் சரியில்லை. அந்த இரண்டு சொற்களும் காணிச் சட்டத்தில் நல்ல பலம் உள்ளவை. தமிழ் உறுதிகளில் அதைச் ‘சீவிய உரித்து’ என்று எழுதுவார்கள். வீட்டின் சொந்தத்தை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் உயிரோடு இருக்கும்வரை அதில் இருந்து அனுபவிக்கும் உரிமையை அம்மா தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறார். இது இலங்கையில் பிள்ளைகளுக்கு எழுதும் உறுதிகளில் மிகச் சாதாரணமாக இருக்கும் ஏற்பாடு. நமது பொதுச் சட்டத்தின் அடியான உரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது.

அகராதி பொய் சொல்லவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஆர்வம், அக்கறை, நலன், வட்டி, உரித்து, பங்கு என்று பல கருத்து உண்டு. உங்கள் அகராதி அதில் இரண்டைத் தந்தது, உங்களுக்குத் தேவையான மூன்றாவது அதில் இல்லை. அந்தச் சொல் இலத்தீனில் ‘இடையில் இருத்தல்’, ‘ஒருவருக்குச் சம்பந்தம் இருத்தல்’ என்ற பொருளில் தொடங்கியது. மத்திய கால ஐரோப்பாவில் திருச்சபை வட்டி வாங்குவதைத் தடுத்திருந்தது. ஆனால் கடன்பட்டவர் தவணை தவறியதால் கடன் கொடுத்தவருக்கு வந்த நட்டத்தைக் கேட்க இடம் இருந்தது. அந்த நட்டஈட்டைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். காலப்போக்கில் வட்டிக்கே அது பெயராகிவிட்டது. சட்டத்தில் மட்டும் பழைய கருத்து அப்படியே நிற்கிறது: இந்தச் சொத்தில் இவருக்குச் சம்பந்தம் உண்டு, பாத்தியதை உண்டு. கிரிக்கெட்டில் ஆர்வம், பாட்டில் ஆர்வம் என்ற கருத்துத்தான் இவற்றில் பிந்தி வந்தது.

உங்கள் கடதாசிகளில் அந்தச் சொல் எங்கெங்கே நிற்கிறது

நீங்கள் பெயர்களை மறைத்து அனுப்பிய பிரதிகளை ஆறுதலாக வாசித்தேன். அதே சொல் நான்கு இடத்தில், நான்கு வேலை செய்கிறது.

உறுதியின் இரண்டாம் பக்கத்தில் அம்மா தனது ‘ரைட், டைட்டில், இன்ட்ரஸ்ட்’ எல்லாவற்றையும் உங்களுக்குக் கொடுப்பதாக இருக்கிறது. இங்கே கருத்து: அந்தக் காணியில் எனக்கு உள்ள உரிமை, உரித்து, பங்கு அனைத்தும். அதற்கு ஆறு வரி கீழே, அட்டவணைக்கு முன்பாக, ‘கொடையாளியின் லைஃப் இன்ட்ரஸ்ட்டுக்கு உட்பட்டதாக’ என்று வருகிறது. முதலாவது உங்களுக்குக் கொடுத்தது, இரண்டாவது கொடுக்காமல் மறித்து வைத்தது. ஒரே பக்கத்தில் ஒரே சொல் கொடுத்தும் வைத்தும் நிற்பதால்தான் உங்களுக்குத் தலை சுற்றியிருக்கிறது. அந்த வசனங்களில் எங்கேயும் ஒரு தொகையோ வீதமோ தவணையோ இல்லை என்பதைக் கவனியுங்கள். வட்டி என்றால் முதல் என்று ஒன்று இருக்க வேண்டும். அம்மா உங்களுக்குக் கடன் தரவில்லை, நன்கொடை தந்தார்.

வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தில் வருவது சுத்தமான வட்டி. அதைப்பற்றிக் கீழே சொல்கிறேன். நான்காவது, அம்மாவுக்கு என்று வங்கி இணைத்த படிவத்தில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கலில் ‘இன்ட்ரஸ்ட் இல்லாத’ ஒரு சட்டத்தரணியிடம் அவர் ஆலோசனை பெற வேண்டும் என்று அதில் உள்ளது. நீங்கள் இதை “அக்கறையில்லாத லோயரிட்ட ஏன் போகச் சொல்லுறாங்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கறையில்லாதவர் என்பதல்ல அதன் கருத்து. இந்தக் கடனால் இலாபமோ நட்டமோ அடையாத, எந்தப் பக்கமும் சாராத சட்டத்தரணி என்பதுதான். இது அம்மாவின் பாதுகாப்புக்காகப் போட்ட வசனம். தயவுசெய்து அதைச் சம்பிரதாயமாக எடுத்துக் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள்.

இனிமேல் இப்படியான ஆங்கிலக் கடதாசி வந்தால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் சிறிய சொல்லைப் பாருங்கள். கடன், வைப்பு, நிலுவை இவற்றோடு ‘ஒன்’ (on) சேர்ந்து வந்தால் அநேகமாக வட்டி. ‘இன்’ (in) வந்து அதன் பிறகு காணி, வீடு, கம்பனி, பங்கு என்று ஒரு சொத்து வந்தால் உரித்து. அதே ‘இன்’னுக்குப் பிறகு விளையாட்டோ படிப்போ வந்தால் ஆர்வம். முன்னுக்கும் ‘இன்’ வந்து பின்னுக்கு ‘ஒஃப்’ (of) வந்தால், உதாரணமாகப் பிள்ளை பராமரிப்பு வழக்குகளில், ‘பிள்ளையின் நலன் கருதி’ என்று கருத்து. நீதிமன்ற அறிவித்தலில் ‘இன்ட்ரஸ்டட் பார்ட்டி’ என்று உங்கள் பெயர் வந்தால் உங்களுக்கு ஆர்வம் உண்டு என்று சொல்லவில்லை. உங்களுக்கு அந்தச் சொத்தில் பாத்தியதை இருக்கலாம், வந்து சொல்லுங்கள் என்று அழைக்கிறது. ஆர்வமில்லை என்று நினைத்து அப்படியான அறிவித்தலைத் தூக்கி வைத்துவிட்டுப் பங்கை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

உறுதிகளில் இப்படி ஏமாற்றும் சொற்கள் இன்னும் உண்டு. ‘இஷ்யூ’ என்றால் அங்கே பிரச்சினை அல்ல, பெற்ற பிள்ளைகள். ‘கன்சிடரேஷன்’ யோசனை அல்ல, கைமாறு. உங்கள் உறுதியில் அது பணமாக இல்லாமல் ‘இயல்பான அன்பும் பாசமும்’ என்று இருக்கிறது, நன்கொடை உறுதியில் அப்படித்தான் இருக்கும்.

அம்மாவிடம் இருப்பது என்ன, உங்களிடம் இருப்பது என்ன

சீவிய உரித்து உள்ளவர் வீட்டில் குடியிருக்கலாம், வாடகைக்கு விட்டு அந்த வாடகையை எடுக்கலாம், வளவின் மாங்காய் தேங்காயைப் பறிக்கலாம். ஆகவே மாதம் 30,000 ரூபாய் அம்மாவின் காசுதான். அது உங்கள் தயவில் அவர் வாங்குவதல்ல. “வீடு என்ர பேரில, வாடகை மட்டும் அம்மாவுக்கு” என்று எழுதியிருந்தீர்கள். வருத்தம் விளங்குகிறது, ஆனால் உறுதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, நீங்களும் அதை ஏற்றுக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்.

அதற்கு எல்லையும் உண்டு. வீட்டை இடிக்கவோ, அதன் தன்மையைக் கெடுக்கவோ, விற்கவோ அவரால் முடியாது. சாதாரண திருத்த வேலைகளும் சோலைவரியும் (உள்ளூராட்சி மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரி) பொதுவாக அனுபவிப்பவரின் பொறுப்பு. குடும்பத்துக்குள் யார் கட்டினாலும் அது வேறு விஷயம். அவர் விட்ட வாடகை ஒப்பந்தமும் பொதுவாக அவர் காலத்தோடு முடிந்துவிடும்.

உங்களிடம் இருப்பது சொந்தம். அதை நீங்கள் விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். ஆனால் வாங்குபவருக்கு அம்மாவின் உரித்தோடு சேர்த்துத்தான் போகும். அம்மா உயிரோடு இருக்கும்வரை அவரை எழும்பச் சொல்ல யாராலும் முடியாது. வங்கி தயங்குவது இதனால்தான். நாளை கடன் தவறினால் ஏலத்தில் அந்த வீட்டை எடுப்பதற்கு ஆள் வராது. அம்மாவின் காலத்துக்குப் பிறகு அந்த உரித்து யாருக்கும் முதுசமாகப் போகாது. தானாகவே அற்றுப்போய், முழுச் சொந்தமும் உங்களிடம் வந்து சேரும். அதற்குப் புதிதாக உறுதி எழுதத் தேவையில்லை, இறப்புச் சான்றிதழ் போதும். ஆகவே அண்ணன் அந்த வழியால் பங்கு கேட்க முடியாது.

அண்ணனின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கலாம்

வட்டி விஷயத்தில் அவர் சொல்வது பிழை. ஆனால் பங்கு இருக்கிறதா என்ற கேள்வியை அப்படியே தள்ளிவிட வேண்டாம். நான் மேலே சொன்ன முதல் வசனத்தைத் திரும்ப வாசியுங்கள். அம்மா கொடுத்தது ‘எனக்கு உள்ள’ உரித்துகள் அனைத்தையும். தன்னிடம் இல்லாததை யாரும் கொடுக்க முடியாது. அப்படியானால் 2013இல் அந்த வீடு முழுவதும் அம்மாவுக்குச் சொந்தமாக இருந்ததா?

நம் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வரும். அம்மாவுக்கும் அப்படி அவருடைய பெற்றோர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் சிக்கல் இல்லை. உயிரோடு இருக்கும்போதே கொடுத்து முடித்த சொத்தில் அண்ணன் முதுசம் கேட்க முடியாது. ஆனால் வீடு அப்பாவின் பெயரில் இருந்து, அவர் மரண சாதனம் (உயில்) எழுதாமல் காலமாகியிருந்தால் கணக்கு மாறும். பொதுச் சட்டப்படி பாதி அம்மாவுக்கும் மற்றப் பாதி பிள்ளைகளுக்கும் சேரும். பிள்ளைகள் நீங்கள் இருவர்தான் என்றால் உங்களுக்குக் கால், அண்ணனுக்குக் கால். அப்போது அம்மாவின் உறுதியால் உங்களுக்கு வந்தது அரைவாசிதான், உங்கள் காலோடு சேர்த்து முக்கால். மிச்சம் அண்ணனுடையது. கடிதத்தில் இதைப்பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் இரண்டையும் சொல்கிறேன். உறுதியின் முதல் பக்கத்தில் ‘இன்ன இலக்க உறுதி மூலம் எனக்குரித்தான’ என்று ஒரு பழைய உறுதி குறிப்பிடப்பட்டிருக்கும். அதைத் தேடி எடுங்கள். திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியை எடுத்தால் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பது வரிசையாகத் தெரியும். வங்கியும் எப்படியும் இதைப் பார்க்கும். அதற்கு முன் நீங்கள் பார்ப்பது நல்லது.

அண்ணனுக்குப் பங்கு உண்டு என்று தெரிந்தால், மறைத்து அலுவல் பார்க்க நினைக்க வேண்டாம். அவர் தனது பங்கை உங்களுக்கு எழுதித் தரச் சம்மதித்தால், கனடாவில் இருந்தபடியே இங்குள்ள ஒருவருக்கு அற்றோனித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) கொடுத்து அதைச் செய்யலாம்.

இன்னொன்று. உங்கள் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்கிறீர்கள். அவருக்கு யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பொருந்துமானால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணம் நிலைக்கும்வரை நீங்களும் அதற்கு உட்படுவீர்கள். நீங்கள் பிறந்தது திருகோணமலையில் என்பது அதை மாற்றாது. அந்தச் சட்டத்தில் மனைவி தன் பெயரில் உள்ள காணியைக் கைமாற்றவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். வங்கி அவருடைய கையெழுத்தையும் கேட்டால் காரணம் இதுதான்.

இப்போது என்ன செய்யலாம்

வங்கி உத்தியோகத்தர் ‘விட்டுத் தரவேணும்’ என்று சொன்னதை நீங்கள் ஒரே வழி என்று எடுத்துக்கொண்டீர்கள். அப்படியில்லை.

அம்மா சீவிய உரித்தை முற்றாக விட்டுக்கொடுப்பது ஒரு வழி. அது நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்ட அலுவலர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிய வேண்டிய உறுதி. காணி சம்பந்தமான எதையும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. எழுதிவிட்டால் அது முடிந்த முடிவு. கடனைக் கட்டி முடித்த பிறகும் அந்த உரித்து அம்மாவிடம் திரும்பி வராது. நீங்கள் நல்ல மகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: அம்மாவுக்கு முன் உங்களுக்கு ஏதும் நடந்தால் வீடு உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அப்போது 71 வயதுத் தாய் அந்த வீட்டில் இருப்பது மற்றவர்களின் மனதைப் பொறுத்ததாகிவிடும். சீவிய உரித்தை எழுதி வைப்பதே அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான்.

இரண்டாவது வழி, உரித்தை விடாமல், ஈட்டு உறுதியில் அம்மாவும் ஒரு தரப்பாகச் சேர்ந்து கையெழுத்து வைப்பது. அப்போது வங்கிக்கு எதிராக மட்டும் அவர் தன் உரித்தைச் சொல்ல முடியாது. மற்ற எல்லாருக்கும் எதிராக அது இருக்கும். கடன் தீர்ந்து ஈடு விடுவிக்கப்பட்டால் முன்பு இருந்தபடியே அவரிடம் நிற்கும். வங்கியிடம் இதை எழுத்தில் கேளுங்கள். சில வங்கிகள் ஒத்துக்கொள்ளும், சில முற்றாக விடத்தான் வேண்டும் என்று நிற்கும்.

முற்றாக விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஈடு பதிந்த பிறகு நீங்கள் அம்மாவுக்குப் புதிதாக ஒரு சீவிய உரித்தை எழுதிக் கொடுக்கலாம். வங்கியின் சம்மதம் வேண்டும், அது ஈட்டுக்குப் பின்வரிசையில்தான் நிற்கும். வங்கியிடமிருந்து அது அவரைக் காப்பாற்றாது, குடும்பத்துக்குள் வரும் மாற்றங்களிலிருந்து காப்பாற்றும்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது வழி. வளவு 22 பேர்ச், வீடு வீதிப் பக்கம், பின்னால் வெறுமையாக இருக்கிறது என்கிறீர்கள். பதிவு பெற்ற நில அளவையாளரைக் கொண்டு பிரித்து வரைபடம் எடுத்து, உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியும் கிடைத்தால், அந்த வெறும் துண்டுக்கு மட்டும் அம்மா தன் உரித்தை விட்டுக்கொடுக்கலாம். அதை மட்டும் ஈடு வைக்கலாம். பாதை விட வேண்டும், துண்டின் ஆகக் குறைந்த அளவு பற்றிய விதியும் உண்டு, ஆகவே முதலில் அளவையாளரிடம் கேளுங்கள். கடன் 40 இலட்சம் கிடைக்காது, குறையும். நான்கு அறைக்குப் பதில் இரண்டு அறையோடு தொடங்க வேண்டிவரலாம். ஆனால் அம்மாவும் பிள்ளைகளும் படுத்தெழும்பும் வீடு ஏலத்துக்கு வராது.

ஏலம் என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1990ஆம் ஆண்டு 4ஆம் இலக்க வங்கிக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி, கடன் தவறினால் வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றி, வழக்குப் போடாமலே ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விற்கலாம். ‘பராட்டே’ என்று பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள், அதுதான். சிறிய தொகைக் கடன்களுக்கு அந்த வழி பொருந்தாது, ஆகவே உங்கள் 40 இலட்சத்துக்குப் பொருந்துமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். பொருந்தாவிட்டாலும் வங்கி வழக்குப் போட்டு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். அம்மா உரித்தை விட்டாலோ ஈட்டில் சேர்ந்தாலோ, அந்த ஏலத்தில் அவர் இருக்கும் இடமும் வாடகையும் சேர்ந்தே போகும்.

உப்புவெளி, நிலாவெளித் தொழிலின் வருமானம் எப்படி வரும் என்பது உங்கள் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சித்திரை, வைகாசியில் ஆட்கள் வரத் தொடங்கி, செப்டெம்பர் வரை ஓடும். வடகீழ்ப் பருவ மழை தொடங்கினால் புறாத்தீவுக்குப் படகும் ஓடாது, அறையும் வெறுமை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2020 கொரோனாக் காலத்திலும், 2022 எரிபொருள் வரிசைகளின்போதும் நல்ல மாதங்களும் வெறுமையாகவே போயின. ஆனால் வங்கித் தவணை பன்னிரண்டு மாதமும் வரும்.

அந்த மற்ற இன்ட்ரஸ்ட்

இங்கே வட்டியைக் கவனமாகப் பாருங்கள். அனுமதிக் கடிதத்தில் வீதம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அது குறைந்து செல்லும் மீதிக்கா, முழுத் தொகைக்கும் கடைசிவரை ஒரே மாதிரியா என்று எழுத்தில் கேளுங்கள். உதாரணத்துக்கு 40 இலட்சம், ஐந்து வருடம், 15 வீதம் என்று வைப்போம். குறைந்து செல்லும் மீதிக்கு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 95,160 ரூபாய், மொத்த வட்டி ஏறத்தாழ 17 இலட்சத்து 10 ஆயிரம். முழுத் தொகைக்கும் என்றால் மாதம் ஏறத்தாழ 116,670 ரூபாய், வட்டி 30 இலட்சம். எழுதியிருக்கும் வீதம் ஒன்றுதான், வித்தியாசம் 13 இலட்சம். வீதம் நிலையானதா, சந்தை வீதத்தோடு ஏறி இறங்குமா என்பதையும், மழைக்கால மாதங்களில் வட்டியை மட்டும் கட்டும் சலுகை உண்டா என்பதையும் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன்

அம்மா “எங்க கையெழுத்துப் போடோணும்” என்று கேட்பது பாசத்தால். அந்தப் பாசத்தை அப்படியே பயன்படுத்திவிடக் கூடாது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்கிறீர்கள். வாசிக்க முடியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டியது நொத்தாரிசின் கடமை. அதைவிட, உறுதியைத் தமிழிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். தமிழில் எழுதிய உறுதி எந்த வகையிலும் குறைந்ததல்ல. வங்கியின் நொத்தாரிசு வங்கிக்காக வேலை செய்பவர். ஆகவே அம்மாவுக்கு வேறு ஒரு சட்டத்தரணி வேண்டும். அவர் அம்மாவோடு தனியாக, நீங்களோ மருமகனோ பக்கத்தில் இல்லாமல் பேச வேண்டும். செலவுக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் விசாரியுங்கள். வாடகை நின்றால் அம்மாவின் மருந்துக்கும் கைச்செலவுக்கும் என்ன ஏற்பாடு என்பதும் அந்தப் பேச்சில் வர வேண்டும். 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரலாம். உங்கள் வீட்டில் அதற்குத் தேவை வராது என்றே நம்புகிறேன், ஆனால் அந்த உரிமை உங்கள் அண்ணனிடமும் கேட்கக்கூடியது என்பதை அம்மா தெரிந்திருக்கட்டும்.

உங்கள் கணவர் இன்னொரு விஷயத்தையும் அறிந்திருக்க வேண்டும். மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடை உறுதியைக்கூட, பெற்றவர் மிக மோசமாக நன்றி மறந்து நடந்தால் நீக்கும்படி கொடுத்தவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். 2017ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் அதைப்பற்றியதுதான். ‘சட்டத்தில் ஒண்டுமில்லை’ என்று சொல்லி வாடகையை மறிப்பதோ, அம்மாவை எழும்பச் சொல்வதோ இந்த வகையில் பெரிய ஆபத்து.

சட்டத்தரணியிடம் போகும்போது 2013 உறுதி, அதில் குறிப்பிட்ட பழைய உறுதி, காணிப் பதிவகத்தின் பதிவேட்டுப் பிரதி, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், நில அளவை வரைபடம், வங்கியின் கடிதமும் படிவமும் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். உறுதியின் கடைசிப் பக்கத்தில் நன்கொடையை ஏற்றுக்கொண்டதாக உங்கள் கையெழுத்து இருக்கிறது, அது சரி. ஆனால் நீங்கள் அனுப்பிய பிரதியில் பதிவகத்தின் முத்திரை தெரியவில்லை. பதியாத உறுதி, விலை கொடுத்து வாங்கிப் பின்னால் பதியப்பட்ட உறுதிக்கு முன் நிற்காது. ஆகவே வேறு எதற்கும் முதல் மூல உறுதியை எடுத்து அதைப் பாருங்கள். இல்லையென்றால் உடனே பதியுங்கள். வங்கியின் அனுமதிக் கடிதத்தை ஏற்றுக்கொள்ள 30 நாட்கள்தான் தந்திருக்கிறார்கள். இவை எல்லாம் அதற்குள் முடியாது. இந்தக் கிழமைக்குள் கிளை முகாமையாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, திகதியை நீடிக்கும்படியும், அம்மா ஈட்டில் தரப்பாகச் சேர்வது போதுமா என்பதற்கு எழுத்தில் பதில் தரும்படியும் கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் அவர்கள் பெற்றுக்கொண்ட திகதியோடு முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.